மருந்தடிச்ச உடம்புக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டா?

கரிசக்காட்டான் கேட்டது:

அப்பாவுக்கு 57 வயது. ஐந்தரை அடி உயரம், 52 கிலோ. திருமங்கலம் பக்கம் கரிசலில் நாலு ஏக்கர், பருத்தியும் மக்காச்சோளமும் போடுவோம், வீட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் மல்லி. போன மாதம் காலில் முள் குத்தியது பத்து நாளாகியும் ஆறவில்லை என்று டவுனுக்குக் கூட்டிப்போனால், சாப்பிட்ட பின் சர்க்கரை 286, அந்த மூன்று மாதக் கணக்கு ஹெச்பிஏ1சி 9.4. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, அரிசியைக் குறைங்க, தினமும் முக்கால் மணி நேரம் நடங்க என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிவதற்கு முன்னே பூவெடுக்கப் போகிற மனிதர், சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டும்வரை உட்காருவதே கிடையாது. இனிப்பு என்றால் தீபாவளிக்கு ஒரு அதிரசம்.

தாத்தா அப்பத்தா இரண்டு பேருக்கும் சர்க்கரை கிடையாது. டவுனில் கட்டிக்கொடுத்த என் இரண்டு அத்தைகளும் அப்பாவைவிட நல்ல கனம், அவர்களுக்கும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் மட்டும் அப்பா வயது ஆட்கள் ஆறு பேர் மாத்திரை போடுகிறார்கள், ஆறு பேரும் ஒல்லி, ஆறு பேரும் பூச்சிமருந்துத் தெளிப்பான் தூக்கியவர்கள். பெரியப்பா டீக்கடையில் உட்கார்ந்து "மருந்தடிச்ச உடம்புடா, பிறகென்ன ஆகும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அப்பா மருந்தடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பாட்டில் மூடிதான் அளவு, டேங்குக்கு ரெண்டு மூடி, புழு அதிகமென்றால் மூணு. குச்சி கைக்கு எட்டவில்லை என்றால் முழங்கைவரை கையை விட்டுக் கலக்கிவிடுவார். முகத்தில் ஒரு துண்டு கட்டுவார், நடுவில் வியர்த்தால் அதே துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். பழைய டேங்க் முதுகில் ஒழுகும், சட்டை நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மல்லிக்கு மொட்டுப்புழு சீசனில் வாரம் ஒருமுறை. அப்பா வாசனை என்றால் எனக்கு அந்த மருந்து வாசனைதான் ஞாபகம் வரும்.

கேள்வி இதுதான். இதில் உண்மை ஏதாவது இருக்கிறதா, இல்லை பெரியப்பா பேச்சு டீக்கடையோடு போகட்டுமா? இப்போது டேங்கைத் தம்பி தூக்க ஆரம்பித்திருக்கிறான், அதனால்தான் கேட்கிறேன்.

சோதனைக்குழாய்:

பெரியப்பாவை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்வியை உலக அளவில் பேசவைத்த ஆய்வுகளில் ஒன்று உங்கள் திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில்தான் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆட்கள் செய்தது, 2017 ஜனவரியில் ஜீனோம் பயாலஜி இதழில் வந்தது. 35 வயதுக்கு மேற்பட்ட 3080 பேரைப் பார்த்தார்கள். பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்கியவர்களில் சர்க்கரை 18.3 சதவீதம், அப்படிப் புழங்காதவர்களில் 6.2. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரத்தத்தில் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தின் எச்சம் ஏற ஏற ஹெச்பிஏ1சியும் ஏறியது என்றும் காட்டினார்கள்.

கணக்கெடுப்போடு விட்டிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அவர்கள் எலிக்கு அந்த வகையைச் சேர்ந்த மோனோகுரோட்டோபாஸைக் குறைந்த அளவில் 180 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். எலிக்கு வலிப்பு வரவில்லை, நுரை தள்ளவில்லை, மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. பொதுவாக இந்த வகை மருந்து பூச்சியைக் கொல்வது நரம்பு வழியாக, நரம்புச் செய்தியை அணைக்கிற ஒரு நொதியை முடக்கிவிடும். எலிக்குச் சர்க்கரை ஏறியது அந்த வழியில் இல்லை. குடலில் இருக்கிற நுண்ணுயிரிகள் மருந்தைச் சிதைக்கின்றன, சிதைக்கும்போது அசெட்டேட் என்கிற பொருள் அதிகமாக உண்டாகிறது, அதை வைத்துக் குடலும் கல்லீரலும் புதிதாகச் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. இதுதான் அவர்கள் சொன்ன வழி. அதற்கு அடுத்த படியாக, மருந்து தின்ற எலியின் சாணத்தில் இருந்த நுண்ணுயிரிகளை மருந்தே படாத எலிக்கு ஏற்றினார்கள், அந்த எலிக்கும் சர்க்கரையைக் கையாளும் திறன் கெட்டது. என்னை யோசிக்க வைத்தது இந்தக் கடைசிச் சோதனைதான்.

நம் ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா இரண்டு மாநிலங்களில் உரிமம் வாங்கி மருந்தடிக்கிற 33,457 பேரைத் தொடர்ந்து பார்த்து 2008இல் ஒரு கட்டுரை போட்டார்கள். அதில் ஏழு மருந்துகளுக்குச் சர்க்கரையோடு தொடர்பு தெரிந்தது. ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு, டைகுளோர்வாஸ் நம் ஆட்களுக்கு நன்றாகப் பழக்கமான பெயர். அடிக்கடி அடித்தவர்களிடம் தொடர்பு இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

அதனால் சம்பந்தம் இருக்கலாம் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. உங்கள் அப்பாவுக்கு இதனால்தான் வந்தது என்று எந்த லேபும் எழுதித் தராது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து சில நாளில் சிறுநீரில் போய்விடும். முப்பது வருடம் அடித்ததன் கணக்கு இன்றைக்கு எடுக்கிற ரத்தத்தில் இருக்காது.

அரைப்படி அரிசி:

சோதனைக்குழாய் நன்றாகச் சொன்னார், ஆனால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன், கோபப்படாதீர்கள்.

அந்த மதுரைக் கணக்கு ஒரே சமயத்தில் எடுத்தது. சர்க்கரை முதலில் வந்ததா மருந்து முதலில் பட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மருந்தடிக்கிறவர் யார், அடிக்காதவர் யார் என்று பாருங்கள், வயது, ஆணா பெண்ணா, பீடி, சாராயம், கடன் கவலை, ராத்திரி மோட்டார் போடப் போய்த் தூக்கம் கெடுவது, இது எல்லாமே இரண்டு பக்கமும் ஒன்றாகவா இருக்கும்? கணக்குப் போடும்போது இதையெல்லாம் கழித்துப் பார்ப்பார்கள், எழுதி வைத்ததைத்தான் கழிக்க முடியும். எலி விஷயமும் அப்படித்தான், எலிக்கு நடந்தது மனிதனுக்கு அப்படியே நடக்கும் என்று இல்லை.

ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராது என்பதே நம்மவர்கள் விஷயத்தில் தப்புக்கணக்கு. வெளியே எலும்பு தெரியும், உள்ளே கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு இருக்கும். மூன்று வேளையும் சோறு, ஒரு வேளைக்கு மலை மாதிரி. உழைக்கிறவர்தான், ஆனால் 57 வயதில் இளவட்டத்தில் இருந்த தசை இருக்காது, சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கும். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அதில் எத்தனை பேர் தெளிப்பான் தூக்கினார்கள்?

ஒரு பழைய கதை. கேரளத்திலும் நம் பக்கத்திலும் கணையத்தில் கல் சேர்ந்து, ஒல்லியான இளவயது ஆட்களுக்குச் சர்க்கரை வருவது ஒரு காலத்தில் நிறைய இருந்தது. மரவள்ளிக்கிழங்கில் இருக்கிற சயனைடுதான் காரணம் என்று 1970களின் கடைசியில் ஒரு கருத்து கிளம்பியது. கேட்க அவ்வளவு பொருத்தமாக இருந்தது, கேரளத்தில் கப்பை தின்கிறார்கள், கேரளத்தில் நோய் இருக்கிறது, முடிந்தது கதை. அப்புறம் பார்த்தால் கிழங்கே தின்னாத ஊரிலும் அதே நோய், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தும் சரியாக நிற்கவில்லை, பிறகு ஒரு மரபணுக் கோளாறு கணிசமான பேரிடம் கிடைத்தது. அதனால்தான் பொருத்தமாக இருக்கிற காரணத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்.

இதைச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன், அப்பாவுக்கு எடை குறைந்துகொண்டே வருகிறதா? 52 கிலோ ஆளுக்கு 9.4 என்றால் கணையத்தையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்தடித்த உடம்பு என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிட்டால் இந்த மாதிரி விஷயம் தவறிப்போகும்.

நைட்டுடூட்டி:

நான் ஸ்டாஃப் நர்ஸ், பன்னிரண்டு வருடம் அவசரப் பிரிவு. மருந்து குடித்து வருகிறவர்களுக்கு குளுக்கோமீட்டரில் குத்தினால் 250, 300 என்று காட்டும், முன்னே சர்க்கரையே இல்லாத ஆளாக இருப்பார். பிழைத்துக்கொண்டால் சில நாளில் தானாக இறங்கிவிடும். புதிதாக வருகிற பிள்ளைகள் சர்க்கரை நோயாளி என்று ஷீட்டில் எழுதிவிடுவார்கள், டாக்டர் வந்து அந்த வரியை அடித்துவிடுவார். ஆகவே இந்த மருந்து உடம்பில் சர்க்கரையை ஏற்றும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. மொத்தமாக ஒருநாள் குடிப்பதும் முப்பது வருடம் தோலில் ஊறுவதும் ஒன்றா என்பதுதான் வேறு கேள்வி.

அப்பா கால் புண் ஆறிவிட்டதா? அதை யாரும் கேட்கவில்லையே. தோட்டத்துக்கு வெறுங்காலில் போக விடாதீர்கள். இனிமேல் முள் குத்தினால் அவருக்குத் தெரியாமலே போகலாம், ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை வீட்டில் யாராவது டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

தெளிப்பான்:

நான் பூச்சிமருந்துக் கடையில் பதினோரு வருடம் நின்றவன். இப்போது நின்றுவிட்டேன், அது வேறு கதை.

தம்பி, உங்க அப்பா மூடியால் அளந்தார் என்றீர்களே, அதைப் படித்ததும் மனசு என்னவோ செய்தது. கடைக்கு வருகிறவர்களில் பாட்டிலில் ஒட்டியிருக்கிற தாளைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அது இத்தனூண்டு எழுத்தில் பத்து மொழியில் மடித்து வைத்திருக்கும். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும், பாட்டிலில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், அதில் கீழ்ப் பாதி என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை கடைசி. மோனோகுரோட்டோபாஸ் சிவப்பு. அதைத்தான் பருத்திக்காரர்கள் பேர்கூடச் சொல்லாமல் "மோனோ ஒண்ணு குடுங்க" என்று மோர் பாக்கெட் மாதிரி வாங்கிக்கொண்டு போவார்கள்.

காய்கறிக்கு அதை அடிக்கக்கூடாது என்று 2005லேயே தடை. யார் கேட்டார்கள்? பீகாரில் 2013இல் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டைத் தின்று 23 பிள்ளைகள் செத்தார்களே, சமையல் எண்ணெயில் இருந்தது இந்த மோனோதான். நம் மாநில அரசு 2023 தொடக்கத்தில் மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் உட்பட ஆறு மருந்துகளை 60 நாள் நிறுத்தி வைத்தது, தற்கொலை அதிகமென்று. அதே வருடம் மத்திய அரசு 36 சதவீத வீரியமுள்ள மோனோவுக்குத் தடை போட்டது, ஆனால் கையிருப்பைக் காலாவதி தேதி வரைக்கும் விற்கலாம் என்று விட்டது. ஆகையால் உங்கள் வீட்டுத் தொழுவத்தில் பழைய பாட்டில் இருந்தால் ஆச்சரியமில்லை.

தம்பிக்குச் சொல்லுங்கள். கையை விட்டுக் கலக்குவது இன்றோடு நிற்கணும், ஒரு நீளக் குச்சியை டேங்கோடு கட்டியே போடுங்கள். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. ஒழுகுகிற டேங்கை வாஷர் மாற்றாமல் தொடவே கூடாது, முதுகும் இடுப்பும் நனைவதுதான் உள்ளே போகிற பெரிய வழி, நம் ஆட்கள் மூக்கை மட்டும் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிரே நடக்கக்கூடாது. துண்டு விஷயம் பெரிய தப்பு, நனைந்த துண்டு மருந்தை வாங்கி முகத்திலேயே வைத்திருக்கும். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வெற்றிலையோ பீடியோ. அந்தத் துணியைத் தனி வாளியில் துவைக்கணும், பிள்ளைகள் துணியோடு போடக்கூடாது.

மல்லிக்கு வாரா வாரம் அடிக்க வேண்டும் என்பதும் பாதி எங்களை மாதிரிக் கடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஒப்புக்கொள்கிறேன்.

மாடித்தோட்டம்:

நான் சென்னை, மருந்தெல்லாம் அடித்ததில்லை, ஆனால் சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்குகிறோமே, அதுவும் இந்தக் கணக்கில் வருமா? எங்கேயோ படித்த ஞாபகம்.

சோதனைக்குழாய்:

வரும் மாடித்தோட்டம், ஆனால் வேறு வரிசையில். கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் டப்பாக்களின் உள்பூச்சிலும் இருக்கிற பிபிஏ என்கிற ரசாயனம் சிறுநீரில் அதிகம் இருந்தவர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் கூடுதலாக இருந்தது என்று 2008இல் அமெரிக்க ஆய்வொன்று வந்தது. அதிலும் அரைப்படி சொன்ன அதே ஓட்டை, ஒரே சமயத்தில் எடுத்தது. டப்பாவில் அடைத்ததை அதிகம் தின்கிறவருக்குச் சர்க்கரையும் வரும், சிறுநீரில் பிபிஏவும் இருக்கும். சூடான சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டுபோங்கள், அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

சென்னை என்றதும் நினைவு வந்தது, காற்றைப் பற்றி இதைவிட நல்ல சான்று இருக்கிறது. சென்னையிலும் டெல்லியிலும் 12,000 பேருக்கு மேல் 2010 முதல் 2017 வரை தொடர்ந்து பார்த்தார்கள். பிஎம் 2.5 என்கிற நுண்தூசியின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் புதிதாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடியது. இது தொடர்ந்து பார்த்தது, முதலில் காற்று, பிறகு நோய்.

அரைப்படி, உங்கள் மரவள்ளிக் கதை சரிதான், மறுக்கவில்லை. எதிர்ப் பக்கமும் ஒரு கதை உண்டு. 1975இல் அமெரிக்காவில் வேகார் என்று ஒரு எலிமருந்து வந்தது, மனிதருக்கு அவ்வளவாகத் தீங்கில்லை என்று விற்றார்கள். அதைக் குடித்துப் பிழைத்தவர்களுக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்து, வாழ்நாள் முழுக்க ஊசி போடும்படி ஆனது. 1979இல் கடையிலிருந்து எடுத்தார்கள். ஒரு ரசாயனத்தால் சர்க்கரை வரும் என்பதில் சந்தேகம் கிடையாது, எந்த ரசாயனம், எவ்வளவு, எத்தனை வருடம் என்பதில்தான் சண்டை. வியட்நாம் போரில் அமெரிக்கா காட்டின் மேல் கொட்டிய ஏஜென்ட் ஆரஞ்சு என்கிற களைக்கொல்லியில் டையாக்ஸின் என்ற நச்சு கலந்திருந்தது. அங்கே பணியாற்றிய படைவீரருக்குப் பிற்பாடு இரண்டாம் வகைச் சர்க்கரை வந்தால் அது அந்த மருந்தால் வந்ததாகவே எடுத்துக்கொண்டு உதவித்தொகை தர வேண்டும் என்று 2001இல் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு சிப்பாயிடமும் நிரூபி என்று கேட்கவில்லை. நம் ஊரில் தெளிப்பான் தூக்கியவருக்கு அப்படி ஒரு வரி யாராவது எழுதுவார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

அரைப்படி அரிசி:

எழுத மாட்டார்கள். அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. ஆனாலும் சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் கழித்து வருகிறேன், பூ சீசன், நேரமில்லை.

நர்ஸ் அக்கா, கால் புண் காய்ந்துவிட்டது, அப்பாவுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன், வரப்பில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஸ்கேன் எடுத்தாச்சு அரைப்படி அண்ணே, கணையத்தில் கல் இல்லை என்றார்கள். எடையும் ஒரு வருடமாக அதேதான். சோறு இப்போது ஒரு வேளைதான், காலையில் கம்பங்கூழ், ராத்திரி ரெண்டு சப்பாத்தி, அதற்குத் தினம் ஒரு பேச்சு வாங்குகிறோம்.

தெளிப்பான் அண்ணே சொன்னதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். கையுறை வாங்கிவிட்டான், வேர்க்கிறது என்று புலம்புகிறான், ஆனால் போடுகிறான். துணியைத் தனியாகத் துவைக்கணும் என்றதும் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தது. இத்தனை வருடமும் அந்தச் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைத்தது அம்மாதான், கையுறை எல்லாம் யாருக்குத் தெரியும். நீங்கள் யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றியது, அம்மாவையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். ஹெச்பிஏ1சி 6.2 வந்திருக்கிறது. சர்க்கரைக்கு முந்தைய நிலை, மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாங்க என்றார் டாக்டர். அம்மா ஒருநாளும் டேங்கைத் தோளில் போட்டதில்லை. சோறும் அதே சோறுதான் என்று அரைப்படி அண்ணன் சொல்வார், சரிதான்.

இன்னொன்று. தொழுவத்துப் பரணில் தேடினேன். சிவப்புக் கட்டம் போட்டது ஒன்றேகால் லிட்டர், நீலம் போட்டது அரை லிட்டர், காலி டப்பா ஒரு சாக்கு. தம்பி கிணற்றுமேட்டில் குழி தோண்டிக் கொட்டிவிடலாம் என்கிறான். கொட்டலாமா?

தெளிப்பான்:

கிணற்றுமேட்டிலா! வேண்டவே வேண்டாம், அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறீர்கள். வாங்கிய கடையில் திருப்பிக் கேளுங்கள், மாட்டேன் என்றால் உங்கள் ஊர் வேளாண் உதவி அலுவலரிடம் சொல்லி எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். அதுவரை மூடியை இறுக்கி, பூட்டுப் போட்ட இடத்தில், தீவனம் வைக்கிற பக்கம் வராமல் வையுங்கள். காலி டப்பாவை எரிக்கக்கூடாது. இனிமேல் டப்பா காலியானால் மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி அடித்துவிட்டு, டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாவிட்டால் யாராவது கழுவி மண்ணெண்ணெய் வாங்க எடுத்துப் போவார்கள், எங்கள் தெருவில் ஒருவர் மோர் ஊற்றி வைத்திருந்தார்.